வண்ணம் ஏறாத இடம்

அகஸ்டா லிண்டால் தன் வாழ்நாளில் ஒரு முட்டைக்கோசைக் கூட வரைந்ததில்லை. இருபது வருடமாக இங்கிலாந்தின் சர்ரே பக்கத்துக் குடிசைத் தோட்டங்களை மட்டுமே வரைந்து பிழைத்தவள் அவள். அந்தத் தோட்டங்களில் பாதிக்கு மேல் முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் பட்டாணியும்தான். ஆனால் லண்டனில் படம் வாங்குகிறவர்கள் காசு கொடுத்து முட்டைக்கோசைச் சுவரில் மாட்டுவார்களா என்ன? அதனால் அவள் படங்களில் முட்டைக்கோசு இருந்த இடத்தில் லில்லி பூக்கும். பன்றிக்கொட்டில் இருந்த இடத்தில் ரோஜாப் புதர் படரும். கழிப்பறையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், அது ஆளுயர ஹாலிஹாக் பூச்செடிகளுக்குப் பின்னால் சத்தமில்லாமல் மறைந்துவிடும். கூரை வைக்கோலில் பிடித்த பாசி படத்தில் பொன்னாக மின்னும். அந்தக் கூரைக்குக் கீழே மழையில் பாத்திரம் வைத்துவிட்டுப் படுப்பவர்களிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டதில்லை.

இதெல்லாம் பொய் என்று அவள் நினைத்ததே இல்லை. அழகானதை எடுத்துக்கொண்டு அல்லாததை விட்டுவிடுவதில் யாருக்கு என்ன நஷ்டம்?

1886 ஜூனில் ஆஷ்கோம்ப் கிராமத்துக்கு அவள் வந்தது இரண்டாவது முறை. முந்தைய கோடையில் கீழ்ச்சந்தில் இருந்த டிக்னர் குடும்பத்தின் குடிசையை வரைந்திருந்தாள். முன்தோட்டம், மரச்சட்டமும் ராட்டினமும் வைத்த பழைய கிணறு, கிணற்றடியில் வெள்ளை ஏப்ரன் கட்டிய எட்டு வயதுப் பெண் டார்கஸ். பர்மிங்ஹாமில் பொத்தான் தொழிற்சாலை நடத்தும் ஒருவர் அந்தப் படத்தை வாங்கிக் கணப்படுப்புக்கு இடப்பக்கம் மாட்டினார். வலப்பக்கம் வெறும் சுவராக இருப்பது அவர் மனைவியின் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்ததாம். ஜோடியாக இன்னொன்று வேண்டும், அதே குடிசை, அதே கிணறு, அதே பெண் என்று படவியாபாரி எழுதியிருந்தார். ஒவ்வொரு ‘அதே’வுக்கும் அடியில் கோடு போட்டிருந்தார்.

வேலிப் படலருகே டார்கஸின் தாய் கெசையா டிக்னர் நின்றுகொண்டிருந்தாள். நெட்டையான, எலும்பு துருத்திய பெண். தன் ஏப்ரனைக் கறுப்புச் சாயத்தில் முக்கிக் கட்டியிருந்தாள்.

“வாங்க மிஸ்,” என்றாள். “டார்கஸ் இல்லைங்க இப்ப. செப்டம்பர்ல போயிட்டா. வயித்துக் காய்ச்சல்.”

வீட்டில் பால் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். அகஸ்டா ஏதோ ஆறுதல் சொன்னாள். என்ன சொன்னோம் என்று பிறகு யோசித்தபோது ஒரு வார்த்தைகூட நினைவுக்கு வரவில்லை. ஏனென்றால் அவள் கண் அப்போது தோட்டத்துக்குள் போய்க் கிணற்றைத் தேடிக்கொண்டிருந்தது. கிணறு இல்லை. அந்த இடத்தில் புது மண் மேடிட்டிருந்தது, மேலே புல் முளைத்திருந்தது.

“அதை மூடிட்டாங்க. சந்து முனையில அடிபம்பு போட்டுட்டாங்க,” என்றாள் கெசையா. “அவளைப் புதைச்ச அடுத்த வாரம்.”

அகஸ்டா மனதுக்குள் மாதங்களை எண்ணிப் பார்த்தாள். அந்தப் பம்பு செப்டம்பரில் வந்திருக்க வேண்டியதல்ல. முந்தைய ஜூலையிலேயே வந்திருக்க வேண்டியது.

நடந்தது இதுதான். போன வருடம் ஜூலை மாதம் டாக்டர் கீழ்ச்சந்துக் கிணறுகளை முகர்ந்து பார்த்துவிட்டு, கழிப்பறைக் கழிவு உள்ளே கசிகிறது, இதைக் குடிக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். கீழ்ச்சந்துக் குடிசைகளை வைத்திருந்த எஸ்டேட்டின் நிர்வாகி ஸ்கோவெல் குழாய்களையும் ஆட்களையும் வரவழைத்தார். அகஸ்டாவின் படம் அப்போது பாதியில் நின்றது. மரச்சட்டத்தில் கொடி சுற்றிய அந்தக் கிணறுதான் படத்தின் உயிர். அதைப் பெயர்த்துவிட்டு, சந்து முழுக்கப் பள்ளம் தோண்டி, பச்சை வண்ணம் அடித்த இரும்புப் பம்பை நட்டால் பிறகு எதை வரைவது? அவள் ஸ்கோவெல் வீட்டுக்குத் தேநீருக்குப் போனாள். கேக்கைக் கையில் வைத்துக்கொண்டே, ஆறு வாரம் பொறுக்க முடியுமா என்று கேட்டாள். ஸ்கோவெலுக்குப் படித்த பெண்கள் தன்னிடம் உதவி கேட்பது மிகவும் பிடிக்கும். முந்நூறு வருடமாக இருக்கிற கிணறு, ஆறு வாரத்தில் ஒன்றும் குடி முழுகிப் போய்விடாது என்று சொல்லி, இன்னொரு துண்டு கேக் வைத்தார்.

அகஸ்டா இந்த முறை உடனே திரும்பிப் போயிருக்கலாம். விடுதியில் மூட்டையைக் கட்டி, அடுத்த ரயிலைப் பிடித்து, பொத்தான்காரருக்கு வேறு ஊர்க் குடிசையை வரைந்து அனுப்பியிருக்கலாம். அவள் போகவில்லை. போனால் காரணம் சொல்ல வேண்டும். இங்கேயே இருந்தாலும் ஒருநாள் சொல்ல வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. கெசையாவின் முகத்துக்கு நேரே நின்று, பம்பைத் தள்ளிப்போட்டது நான்தான் என்று சொல்லியாக வேண்டும். இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு என்று வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை பாதையோரம் படத்தாளைப் பொருத்தும் தாங்குபலகையை நிறுத்தினாள். கிணற்றைப் போன வருட ஓவியப் புத்தகத்தைப் பார்த்து வரைந்துகொள்ளலாம். பெண்ணை மட்டும் வரையப்போவதில்லை. பதிலாக ஒரு பூனையைப் போட்டுவிடலாம், பூனையைப் பிடிக்காத பொத்தான்காரர் இருக்க முடியாது.

நீர்வண்ணத்தில் வெள்ளை என்று ஒரு நிறம் கிடையாது. அகஸ்டா கற்றுக்கொண்ட முறையில் வெள்ளையைக் குழைத்துப் பூசுவது அவமானம். வெள்ளை வேண்டிய இடத்தில் தூரிகை படாமல் காகிதத்தை அப்படியே விட்டுவிட வேண்டும். மேகம், துவைத்த துணி, வெள்ளை ஏப்ரன் எல்லாமே விட்ட இடம்தான். அந்த விஷயத்தில் அவள் கை கெட்டிக்காரக் கை. இன்றைக்கு அவள் எங்கேயும் எதையும் விடவில்லை. கிணற்றுக்குப் பின்னால் இருந்த செடிகளுக்காக, ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே ஓட்டமாகப் பச்சையை ஓடவிட்டாள்.

பச்சை காய்ந்தபோது கிணற்றடியில் ஓர் இடம் வெள்ளையாக இருந்தது. இரண்டு விரல் உயரம். மேலே குறுகி, கீழே அகன்று, இடுப்பில் கட்டிய மாதிரி ஒரு சிறு நெளிவோடு.

காகிதத்தில் எண்ணெய்ப் பிசுக்கு என்று நினைத்தாள். அப்படி நடப்பது உண்டு. காகிதத்துக்குப் பூசும் பசை கெட்டுப்போனாலும் வண்ணம் பிடிக்காது. ரொட்டித் துணுக்கால் மெதுவாகத் தேய்த்தாள். தண்ணீரில் இரண்டு சொட்டு மாட்டுப் பித்தநீர் கலந்தாள், அது கலந்தால் எப்பேர்ப்பட்ட பிசுக்கிலும் வண்ணம் ஏறும். மறுபடி பச்சையைப் பூசினாள். ஈரத்தில் பச்சையாகத்தான் இருந்தது. வெயில் பட்டுக் காயக் காய, வண்ணம் அந்த இடத்திலிருந்து மட்டும் ஒதுங்கி, பழைய ஓரத்திலேயே போய் நின்றுகொண்டது.

அன்று மாலை அந்தத் தாளைக் கிழித்துப் போட்டாள். மறுநாள் லண்டனிலிருந்து வந்த புதுக் கட்டைப் பிரித்து வேறு தாள் எடுத்தாள். வேறு பச்சை, வேறு தூரிகை. நண்பகலுக்குள் வெள்ளை வந்துவிட்டது. முந்தைய நாளைவிட ஓர் இழை உயரமாகவே இருந்தது. பித்தநீரும் ரொட்டியும் பிரயோஜனப்படவில்லை. அகஸ்டா தூரிகையைக் கீழே வைத்தாள். பயம்தான், வேறு பெயர் சொல்லி மழுப்ப வேண்டியதில்லை. ஜூன் மாத வெயிலில், தேனீக்கள் ரீங்கரிக்கிற தோட்டத்தில், பட்டப்பகலில் பயம்.

இதற்கு நடுவே கெசையா காலை பதினொரு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் தேநீர் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தாள். கூடவே ரொட்டியும் நெல்லிப்பழ ஜாமும். காசு கொடுத்தால் வாங்க மாட்டேன் என்றாள். மூன்றாம் நாள் தேநீரை வைத்துவிட்டுப் போகாமல் அகஸ்டாவின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள். 

“அவ ஏப்ரன்தானே இது,” என்றாள்.

“இன்னும் முடியலை. இது வெறும் காகிதம்,” என்றாள் அகஸ்டா.

“வெள்ளையா விட்டுருக்கீங்க. பொத்தான் பின்னால இருக்கறதால ஒரு பக்கம் இழுத்த மாதிரி நிக்கும். அதைக்கூட விடலை நீங்க.” கெசையா குனிந்து உற்றுப் பார்த்தாள். “வளந்திருக்கா.”

நான் விடவில்லை, அதுவாக வந்தது என்று அகஸ்டா சொல்ல வாயெடுத்தாள், சொல்லவில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள். அதைவிட மோசம், கெசையா நம்பிவிட்டால்?

கெசையா போன வருட ஓவியப் புத்தகத்தைப் பார்க்கலாமா என்று கேட்டாள். கீழ்ச்சந்தில் யாரிடமும் போட்டோ கிடையாது. டார்கஸின் முகம் இந்த உலகத்தில் இரண்டே இடத்தில்தான் இருந்தது, பர்மிங்ஹாம் வரவேற்பறையில் ஒன்று, இந்தப் புத்தகத்தில் ஒன்று. அகஸ்டா கொடுத்தாள். கெசையா கையைக் கழுவி, பாவாடையில் ஒற்றி, தாளின் ஓரத்தை மட்டும் தொட்டுப் புரட்டினாள். பதினோரு நாள், பதினோரு தாள். டார்கஸ் ராட்டினத்தைச் சுற்றுகிறாள், டார்கஸ் வாளியைத் தூக்குகிறாள், டார்கஸ் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்குகிறாள். ஏழாவது தாளில் கெசையாவின் விரல் நின்றது. அதில் டார்கஸ் தலையைப் பின்னுக்குச் சாய்த்து அகப்பையிலிருந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

“குடிக்கறா,” என்றாள் கெசையா. மிச்சத் தாள்களைப் பார்க்காமலே புத்தகத்தை மூடிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அகஸ்டாவுக்கு அந்த ஏழாவது நாள் நன்றாக ஞாபகம் இருந்தது. ஞாபகம் வராமல் பார்த்துக்கொள்ள அவள் ஒரு வருடம் பாடுபட்டிருந்தாள், அவ்வளவுதான். கிராமத்துக்கு வந்த முதல் நாளே விடுதிக்காரம்மா எச்சரித்திருந்தாள், கீழ்ச்சந்துக் கிணற்றுத் தண்ணீரை உதட்டில் வைத்துவிடாதீர்கள் என்று. அகஸ்டா வைக்கவில்லை. தினமும் எலுமிச்சைச் சாறு நிறைத்த பாட்டிலைக் கையோடு கொண்டுவந்து, நிழலில் ஈரத்துணி சுற்றி வைத்திருப்பாள். பெண் வெயிலில் நின்றாள். ஒருநாள் அல்ல, பதினோரு நாள்.

நான்காம் நாள் ஸ்கோவெல் அந்த வழியாகக் குதிரையில் வந்தார். இறங்காமலே படத்தை எட்டிப் பார்த்தார்.

“பொண்ணுக்கு எடம் விட்டு வச்சிருக்கீங்க, பலே. பம்பு விஷயத்துல நீங்க சொன்னதுதான் சரி மிஸ் லிண்டால். பாருங்க, எவ்வளவு அசிங்கமா நிக்குது.”

அகஸ்டா குரலைத் தாழ்த்திக் கேட்டாள், பம்பு ஏன் தாமதமானது என்று யாரிடமாவது சொன்னீர்களா என்று. அவருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை.

“மறைக்கறதுக்கு என்ன இருக்கு? அன்னைக்கே ஏமஸ் டிக்னரைக் கூப்பிட்டுச் சொன்னேனே. உன் வீட்டை லண்டன் அம்மா ஒருத்தங்க வரையறாங்க, முடியற வரைக்கும் கிணத்தை விட்டுவைக்கச் சொல்றாங்கன்னு. தொப்பியைக் கழட்டிட்டு நன்றி சொல்லிட்டுப் போனான். அவங்களுக்கு இதெல்லாம் பெருமைதானே?”

குதிரை போய்விட்டது. அகஸ்டா தூரிகையைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள், அதன் நுனியில் வண்ணம் காய்ந்து இறுகும் வரை. ஏமஸுக்குத் தெரியும் என்றால் அவன் மனைவி கெசையாவுக்கும் தெரியும். போன ஜூலையிலிருந்தே தெரியும். தெரிந்துதான் மகளை வெயிலில் நிற்க அனுமதித்தாள். ஏனென்றால் எஸ்டேட் நிர்வாகி சொன்னால் சொன்னதுதான், குடிசை எஸ்டேட்டுக்குச் சொந்தம். தெரிந்துதான் இந்த நான்கு நாளும் தேநீர் கொண்டுவந்தாள். நான்கு மணிக்குக் கோப்பை வந்தபோது அகஸ்டா அதற்குள் எட்டிப் பார்த்தாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளுக்கு அதைக் குடிக்கப் பயமாக இருந்தது. பயந்ததற்கு வெட்கமும் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். நல்ல தேநீர்தான்.

ஐந்தாம் நாள் வெள்ளை இன்னும் தெளிந்திருந்தது. ஏப்ரனுக்கு மேலே கழுத்துக்கு ஒரு துளி இடம், அதற்கும் மேலே முகத்துக்கு ஒரு வட்டம். சுற்றிலும் லில்லியும் ரோஜாவும் கொழுத்துப் பூத்திருக்க, நடுவில் அந்த வட்டம் கண்ணும் மூக்கும் இல்லாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் தாங்குபலகையை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது அவள் பக்கமே பார்த்தது. விடுதியில் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். காலையில் வேலைக்காரப் பெண் சுத்தம் செய்யும்போது திருப்பிவிட்டிருந்தாள். ரொம்ப அழகா இருக்கா அந்தச் சின்னப் பொண்ணு, முகத்தை எப்ப மிஸ் வரையப்போறீங்க என்று கேட்டாள்.

அன்று கெசையா பாதையோரம் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். மடியில் கிண்ணம். அகஸ்டா எழுந்து அவள் எதிரே போய் நின்றாள். பாவாடையில் பச்சை வண்ணம் சிந்தியது, அதைக் கவனிக்கவில்லை.

“மிசஸ் டிக்னர், பம்பை நிறுத்தி வைக்கச் சொன்னது நான்தான்.”

“தெரியும்.” உரிக்கிற கை நிற்கவில்லை.

“தெரிஞ்சுமா எனக்கு டீ கொண்டுவந்தீங்க?”

“வெயில்ல உக்காந்திருக்கீங்களே.”

அவ்வளவுதான். அழுகை இல்லை, சாபம் இல்லை. அகஸ்டா நினைத்ததைவிட மிகவும் சுலபமாக முடிந்துவிட்டது. இத்தோடு திரும்பிப் போய் உட்கார்ந்து, பூனையோ பெண்ணோ எதையாவது போட்டுப் படத்தை முடித்து, சனிக்கிழமை ரயிலைப் பிடிக்கலாம். தெரிந்த குற்றத்தை ஒப்புக்கொண்டாயிற்று. யாரும் அதற்கு மேல் கேட்கப்போவதில்லை. சொல்லாத மிச்சம் ஒன்று இருந்தது, அதைப் பார்த்தவள் அகஸ்டா ஒருத்திதான். அவளுக்கும் டார்கஸுக்கும் மட்டும் தெரிந்த விஷயம், டார்கஸ் சொல்லப்போவதில்லை.

அகஸ்டா திரும்பித் தாங்குபலகையைப் பார்த்தாள். பிறகு மிச்சத்தையும் சொன்னாள்.

“அந்தத் தண்ணியைத் தொடாதீங்கன்னு விடுதியில எங்கிட்ட முதல் நாளே சொன்னாங்க. நான் தொடலை. எங்கிட்ட பாட்டில்ல எலுமிச்சைச் சாறு இருந்தது. டார்கஸை வெயில்ல நிக்க வச்சேன், மணிக்கணக்கா. தாகமா இருக்கு மிஸ், மில்லு ஊத்துக்குப் போயிட்டு வரட்டுமான்னு கேட்டா. போனா வர்றதுக்கு ஒரு மணி நேரம் ஆகும், வெளிச்சம் மாறிடும். இரு, கொஞ்சம் இருன்னேன். அப்புறம் அவளே மொண்டு குடிச்சா. நான் தடுக்கலை. கழுத்து வளைஞ்சது நல்லா இருந்தது. அப்படியே இருன்னு சொல்லி அதையும் வரைஞ்சேன்.”

பட்டாணி உரிக்கிற சத்தம் நின்றுவிட்டது.

டாக்டர் சொன்ன நாளிலிருந்து டிக்னர் குடும்பம் அந்தக் கிணற்றைக் குடிக்கத் தொட்டதில்லை. கெசையா தினம் இரண்டு நடை, ஒரு மைல் தள்ளி மில்லுக்கு அருகே இருந்த ஊற்றிலிருந்து தோளில் வைத்த நுகத்தடியில் இரண்டு வாளி மாட்டிச் சுமந்து வந்தாள். பம்பு வரும்வரைதானே என்று சுமந்தாள். கிணற்றில் வாய் வைத்தால் தோலை உரித்துவிடுவேன் என்று மகளிடம் சொல்லியிருந்தாள். இதை அவள் இப்போது மெதுவாக, மடியிலிருந்த கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“காய்ச்சல் வந்ததும் கேட்டேன், குடிச்சியாடின்னு. ஆமான்னா. ஏண்டின்னு கேட்டதுக்குச் சொல்லலை. உங்களைக் காட்டிக்கொடுக்கலை அவ. சொன்ன பேச்சைக் கேக்கலைன்னு அடிச்சேன் மிஸ். காய்ச்சலோட கெடந்தவளைக் கன்னத்துல அடிச்சேன். அப்புறம் அவ போனதுக்கப்புறமும் கோவம் போகலை. ஒம்பது மாசமா செத்தவ மேல கோவம். இந்த வாரம் உங்க பொஸ்தகத்துல அவ குடிக்கறதைப் பாத்ததும் திரும்ப வந்துச்சு.” கையில் இருந்த பட்டாணித் தோலைக் கீழே போட்டாள். “அவளா பண்ணலை இல்ல?”

“இல்லை,” என்றாள் அகஸ்டா. “என்னாலதான்.”

கெசையா தலையை ஆட்டினாள். அவள் முகத்தில் எதுவோ இறங்கியது, வேறெதுவோ ஏறியது. கிண்ணத்தை ஓரமாக வைத்துவிட்டு எழுந்து, அகஸ்டாவைத் தாண்டித் தாங்குபலகைக்குப் போனாள். அகஸ்டாவும் பின்னாலேயே போனாள். அவள் தாளைக் கிழிக்கப்போகிறாள் என்று நினைத்தாள். கிழிக்கட்டும் என்றுகூட வேண்டிக்கொண்டாள்.

கெசையா கிழிக்கவில்லை. அந்த வெள்ளையின் மேல், காகிதத்தைத் தொடாமல், ஒரு விரலை வைத்துக் காட்டினாள்.

“மே மாசத்தோட ஒம்பது முடிஞ்சுது. எனக்கு இங்க வரைக்கும் வருவா,” என்று தன் மார்புக்குக் கீழே கையை வைத்தாள். “பாவாடை பத்தாது, ஓரத்தைப் பிரிச்சு விட்டிருப்பேன், பிரிச்ச எடத்துல ஒரு கோடு தெரியும். அதைப் போடணும். மேல்வரிசையில ஒரு பல்லு விழுந்திருந்தது, அது இப்ப முளைச்சிருக்கும்.”

“எனக்கு அந்த முகம் தெரியாதே,” என்றாள் அகஸ்டா. “நான் பார்த்தது எட்டு வயசு முகம்.”

“நானும்தான் பாக்கலை. ரெண்டு பேருமா யோசிப்போம். பதினோரு நாள் அவளையே பாத்துக்கிட்டு இருந்தவங்க நீங்க. எனக்கு அப்படி உக்காந்து பாக்க ஒருநாள்கூட நேரம் கெடைக்கலை.” கெசையா கவிழ்த்த வாளியை எடுத்து வந்து தாங்குபலகைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். “அடுத்த ஜூன்ல வாங்க, பத்து வயசு. பன்னெண்டு ஆனதும் பெரிய வீட்டுல வேலைக்குச் சேந்துடுவா, அப்ப தலையில வெள்ளைத் தொப்பி இருக்கும், கை செவந்து போயிருக்கும். அதுக்கப்புறம் யாரையாவது கட்டிக்குவா.”

அவள் கத்தவில்லை, மிரட்டவில்லை. ஜாக்கெட் தைக்க அளவு சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டே போனாள். அகஸ்டாவுக்கு ஓடிவிட வேண்டும் போல இருந்தது. ஆனாலும் முக்காலியில் உட்கார்ந்தாள், சுத்தமான தூரிகையைத் தேடி எடுத்தாள்.

“உங்களுக்கு என்ன வயசு மிஸ்?” என்று கேட்டாள் கெசையா.

“நாற்பத்தொண்ணு.”

“அப்ப இன்னும் நெறைய வருஷம் இருக்கு,” என்றாள் கெசையா.

அகஸ்டா தூரிகையைத் தண்ணீரில் நனைத்து, நெற்றியிலிருந்து ஆரம்பித்தாள். வண்ணம் உடனே ஏறியது.